ஒரு பிள்ளை குறைந்தால் நூறு சதவீதம்

போன மாதம் ராஜேஸ்வரி என்று ஒரு பெண் போன் செய்தாள். நான் நெடுங்காலம் வேலை பார்த்த அரசு உயர்நிலைப் பள்ளியில் இப்போது அவள்தான் கணக்கு டீச்சர். என்னை நேரில் பார்த்தவள் இல்லை. தலைமையாசிரியர் அறை அலமாரியில் ஒரு கேடயம் இருக்கிறதாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் நூறு சதவீதத் தேர்ச்சி கொடுத்ததற்காக வந்தது. அதில் என் பெயர் பொறித்திருக்கிறதாம்.

"அந்த வருசத்துப் பிள்ளைக ரொம்ப மோசம்னு பழைய ஆளுக சொல்றாங்க. அவுகள வச்சுக்கிட்டு எப்படி டீச்சர் நூறு வாங்குனீங்க? ஒரு நாள் வந்து எங்களுக்குப் பேசுங்க டீச்சர். இங்க ரிசல்ட்டு ரிசல்ட்டுனு எங்க உயிர எடுக்குறாங்க," என்றாள்.

பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். மேடையில் நின்றால் எனக்கு நாகரிகம் வந்துவிடும். நாலு நல்ல வார்த்தை சொல்லி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, வடை காபி சாப்பிட்டுத் திருநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். எழுதினால் உள்ளதை எழுதலாம்.

பி.எட். படித்தபோது எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது தெர்மாகோல் வெட்டத்தான். வட்டம், கூம்பு, கோளம் எல்லாம் வெட்டி வண்ணக் காகிதம் ஒட்டினோம். வேலைக்கு வந்த பிறகு அந்தத் தெர்மாகோலை ஒரு நாளும் தொடவில்லை. எங்கே நேரம்? இலவச செருப்புக்குப் பிள்ளைகளின் கால் அளவு எடுக்க வேண்டும். சைக்கிள் வந்தால் எண்ணி இறக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் வாங்கித் தராத பெற்றோர் வீட்டுக்கு நடக்க வேண்டும். வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு, குடற்புழு மாத்திரை எல்லாம் வாத்தியார் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கணக்கும் நடத்துவேன்.

தொழிலில் நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். "புரிஞ்சுச்சா?" என்று கேட்டால் "சரி டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். புரிந்த பிள்ளை சரி சொல்லாது. "அப்ப இது?" என்று அடுத்ததைக் கேட்கும், இல்லாவிட்டால் தானாகப் போட ஆரம்பித்துவிடும். "சரி டீச்சர்" என்பது நம்மை அனுப்பி வைப்பதற்குச் சொல்வது. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்த்த பிள்ளைகள், பாவம், வேறு என்ன சொல்லும்?

இனி அந்த நூறுக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேற வைப்பதற்கு ஒரு வழி எல்லாக் கணக்கு வாத்தியார்களுக்கும் தெரியும். இயற்கணிதம், முக்கோணவியல் பக்கமெல்லாம் மெல்லக் கற்கும் பிள்ளையை இழுக்கவே கூடாது. வடிவியலையும் வரைபடத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, கட்டத்தாளில் புள்ளி வைத்து வளைகோடு இழுப்பது, இந்த இரண்டும் கை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மிச்சத்துக்கு ஒரு மதிப்பெண் கேள்விகளில் தெரிந்ததும் தெரியாததுமாகக் கொஞ்சம், கணங்கள் பாடத்தில் கொஞ்சம். பென்சில் கூராக இருக்க வேண்டும், உதவிப்படம் போட வேண்டும், அளவு எழுத வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று படம் போட வைத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை தேறிவிடும். நான் அப்படித் தேற்றிய பிள்ளைகள் ஏராளம். ஆனால் எவ்வளவு தேற்றினாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

சண்முகவேல் சார் தலைமையாசிரியராக வந்த பிறகு அப்படி இருக்கவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. சத்தம் போடுகிறவரோடு நாமும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம். இவர் பேசினால் அடுத்த மேசைக்குக் கேட்காது. வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்று, மேசையில் ஒரு பிளாஸ்க். யார் போனாலும் அந்தப் பிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் டீ தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். மாவட்ட அலுவலகத்தில் தேர்ச்சி விகிதக் கூட்டம் நடக்கும்போது குறைந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். வந்த முதல் வருடம் அவரும் நின்றார். நரைத்த மனிதரை எல்லோர் முன்னாலும் பிள்ளையைப் போல நிற்க வைத்தால் அவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரக்கம் வரத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து அவர் நிற்கவில்லை, பிள்ளைகள்தான் வெளியே போய் நின்றார்கள்.

அவர் முறை இதுதான். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தேறாத பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராக வரச் சொல்வார். வருகிறவர்கள் யார்? களையெடுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசலோடு நிற்க வைக்கப்படுகிறவர்கள். சார் அவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்வார். அதிலேயே பாதி ஆள் கரைந்துவிடும். டீ கொடுப்பார். மழை உண்டா, ஆடு எத்தனை நிற்கிறது என்று விசாரிப்பார். பிறகு, "பிள்ளைய இங்கயே வச்சிருந்து பெயிலாகி, அது ஏதாவது பண்ணிக்கிட்டா நம்மால தாங்க முடியுமா? டுடோரியல்ல சேத்து நிதானமா எழுத வைக்கலாமே," என்பார். எந்தப் பிள்ளையையும் அவர் போகச் சொன்னதே கிடையாது. பெற்றோரே கேட்டு டி.சி. வாங்கிப் போனார்கள். எந்தப் பிள்ளையும் டுடோரியலுக்குப் போகவில்லை என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அந்த வருடம் அவர் விரல் வந்து நின்ற பெயர் பேச்சியம்மாள். காலாண்டில் கணக்கில் ஒன்பது மதிப்பெண். ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண். கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்குவாள். விடிவதற்கு முன்னால் அம்மாவோடு மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுத்துவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவள் தூங்காமல் என்ன செய்வாள்? எது கேட்டாலும் "சரி டீச்சர்"தான்.

"இந்தப் பிள்ள வேணாம் டீச்சர்," என்றார் சார், டீயை ஊற்றிக்கொண்டே.

"அரையாண்டு வரைக்கும் விடுங்க சார். நான் தேத்திருவேன்."

"உங்களால முடியும் டீச்சர். அந்தப் பிள்ளையால முடியணும்ல?"

"அரையாண்டுல தேறலைன்னா நீங்க சொல்றபடி செய்யுங்க. தேறிட்டா பேர் போகணும்."

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் அரையாண்டு முடிந்துதான் போகும். அதில் பேர் போய்விட்டால் அப்புறம் யாரும் அவளை அசைக்க முடியாது. பேர் போகாவிட்டால் அவளுக்குப் படிப்பு முடிந்தது. மில்லுக்கு ஆள் பிடிக்கிற தரகர் அந்த ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

சார் சிரித்தார். "சரி டீச்சர், உங்க பொறுப்பு."

அவளை முதல் பெஞ்சில் என் மேசைக்கு நேராக உட்கார வைத்தேன். காம்பஸ் பிடிக்கத் தெரியவில்லை. ஊசியை அழுத்தாமல் சுற்றுவாள், வட்டம் நத்தைக்கூடு மாதிரி வரும். திட்டினேன், கெஞ்சினேன், கையைப் பிடித்துச் சுற்ற வைத்தேன். தூக்கம் வந்தால் போய் முகம் கழுவிவிட்டு வா என்பேன், போய்க் கழுவிவிட்டு வருவாள், திரும்பத் தூங்குவாள். அவள் அம்மாவிடம் போய், அரையாண்டு வரைக்கும் காலையில் இவளைப் பூவெடுக்கக் கூப்பிடாதே என்று சொன்னேன். அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒப்புக்கொண்டாள். "நீங்க சொன்னா சரிதான் டீச்சர். நீங்க வேற எதுக்குச் சொல்லப் போறீங்க," என்றாள். அந்த நம்பிக்கையைப் பின்னால் என்ன செய்தார்கள் என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரைகிற கணக்கு. முதலில் வட்டம், வெளியே புள்ளி, மையத்தையும் புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு நடுவில் காம்பஸை ஊன்றி இன்னொரு வட்டம், இரண்டு வட்டமும் வெட்டுகிற இடத்துக்குப் புள்ளியிலிருந்து கோடு. பேச்சி குனிந்து போட்டுக்கொண்டிருந்தாள். முடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. "புரிஞ்சுச்சா?" என்றேன்.

அவள் சரி டீச்சர் சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இந்தப் புள்ளி வட்டத்துக்கு உள்ள இருந்தா?" என்றாள்.

பென்சில் முனையை வட்டத்துக்குள் அங்கங்கே வைத்துப் பார்த்தாள்.

"உள்ள இருந்தா போட முடியாதுல்ல டீச்சர்? எப்படி இழுத்தாலும் கோடு வட்டத்த ரெண்டு எடத்துல வெட்டிப்புடும்ல?"

எத்தனையோ வருடம் அந்தக் கணக்கை நடத்தியிருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உட்பட ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேள்வித்தாளில் வராது என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. இவளுக்குக் கேள்வித்தாளைப் பற்றித் தெரியாது, படத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. செய்யவில்லை. "ஆமா. அடுத்தத போடு," என்று மட்டும் சொன்னேன்.

அரையாண்டில் முப்பத்தொன்பது வாங்கினாள். விடைத்தாளைத் திருத்தியது நான்தான். பொதுத்தேர்வில் திருத்துகிறவர் எப்படித் திருத்துவாரோ அதைவிடக் கறாராகத் திருத்தினேன். அளவு எழுதாமல் விட்ட இடத்தில் குறைத்தேன், ஒரு எழுத்துப் பிசகைக்கூட விடவில்லை. தாளைக் கொண்டுபோய்ச் சார் மேசையில் வைத்தேன்.

"சந்தேகமா இருந்தா இப்பவே கூப்பிட்டு உங்க முன்னால போட வைங்க சார்," என்றேன்.

"சே, என்ன டீச்சர் இது. உங்கள நம்பாமலா," என்று தாளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். டீ ஊற்றினார். அவர் அன்று அவளைக் கூப்பிட்டுச் சோதித்திருக்க வேண்டும். அவர் சந்தேகப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எனக்குப் பயிற்சி ஆணை வந்தது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் முழுக்கக் கணக்காசிரியர்களுக்குப் பயிற்சி. எங்கள் பள்ளியில் போக வேண்டியவர் வேறு ஒருவர், என் பேரை மாற்றிப் போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு இனிமையாகக் கணக்குச் சொல்லித்தருவது எப்படி என்று ஒருவர் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். நான் பேச்சிக்கு அடுத்து எந்தப் பாடத்தைத் தொடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது முதல் பெஞ்சில் என் மேசைக்கு நேரான இடம் காலி. பக்கத்துப் பிள்ளை, "டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா டீச்சர்," என்றது. பெயர்ப்பட்டியல் போய்விட்டிருந்தது.

அன்று மாலை ஊருக்குள் நடந்தேன். அவள் அம்மா வாசலில் நாரில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"பேச்சி எங்கம்மா?"

"அவுக அப்பா திண்டுக்கல் பக்கம் மில்லுல விட்டுட்டு வரப் போயிருக்காக."

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க? அவ தேறிட்டாளே!"

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "நீங்கதான டீச்சர் சொன்னீங்களாம். இந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு. எங்ககிட்டச் சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு ஹெச்.எம். சார்கிட்டச் சொன்னீங்களாம். நீங்களே சொன்னப்புறம் நாங்க என்னத்தச் சொல்ல?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். "இருக்கட்டும் டீச்சர்," என்றாள். ஒரு பக்கம் நாற்காலி போட்டு டீ கொடுத்துப் பேசிய பெரிய மனிதர். இன்னொரு பக்கம் வாசலில் நின்று படபடக்கிற நான். யாரை நம்புவாள்?

மறுநாள் சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் மேலதிகாரியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா அந்த ஆளு கேக்க மாட்டேன்னுட்டாரு டீச்சர். எம் பிள்ள முப்பத்தொம்பது வாங்கியிருக்கு, கணக்கு டீச்சர் இருக்காங்க, பாத்துக்குவாங்கன்னு நிக்கிறாரு. உங்க பேரச் சொன்னாத்தான் அசையுறாரு. நான் என்ன பண்ண?" என்றார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்குப் பெருமையாகச் சொல்கிறார்! "ஊருக்குள்ள உங்களுக்கு அம்புட்டு மரியாதை டீச்சர்."

மாவட்ட அலுவலகம் வரை போனேன். பெற்றோர் விருப்பப்பட்டு டி.சி. வாங்கியதில் என்ன புகார் என்று கேட்டார்கள். போய்ப் பாடம் நடத்துங்கள் என்றார்கள். பிள்ளையை மில்லிலிருந்து கூட்டி வரலாம் என்று அவள் அப்பாவைத் தேடித் தேடிப் போனேன். என்னைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் திரும்பிவிடுவார்.

தேர்வு முடிவு வந்தது. நூறு சதவீதம். அறிவிப்புப் பலகையில் என் பேரை எழுதி, லட்டு கொடுத்தார்கள். கேடயம் கொடுத்த விழாவுக்கு நான் தற்செயல் விடுப்புப் போட்டேன். சார் மேடையேறி என் சார்பில் வாங்கிக்கொண்டார். இடமாறுதல் கலந்தாய்வில் ஊர் மாற்றிக்கொண்டு போய்விட்டேன். ராஜேஸ்வரி, நீ பார்த்த கேடயம் அதுதான். எப்படி வாங்கினேன் என்று கேட்டாயே, இப்படித்தான் வாங்கினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன வருடம் நடந்ததைச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது.

தேனியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். முகூர்த்த நாள், கூட்டம் நெரிந்தது. பஸ் உள்ளே வரும்போதே ஆட்கள் சன்னல் வழியாகத் துண்டையும் பையையும் போட்டு இடம் பிடிக்கிறார்கள். எனக்கு ஓட முடியாது. பின்னாலிருந்து ஒரு பெண், "டீச்சர், இருங்க," என்று கூவிக்கொண்டு ஓடி, தன் கைப்பையைச் சன்னல் வழியாக விட்டெறிந்தாள். பிறகு என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் உட்கார வைத்துத் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சன்னலுக்குக் கீழே வந்து நின்று சிரித்தாள்.

"தெரியலையா டீச்சர்? நான் பேச்சி."

உடம்பு வைத்திருந்தது. அந்த நெடுநெடு உயரம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு துணிக்கடையில் வேலை என்றாள். வீட்டுக்காரருக்கு லோடு வண்டி என்றாள். ஒரே மகள், நாலாவது படிக்கிறாள்.

"நல்லாப் படிக்கிறாளா?"

"எல்லாம் படிப்பா டீச்சர். கணக்கு மட்டும் வராது. என்னைய மாதிரியே. எங்க ரத்தத்துலயே இல்ல போல," என்று சிரித்தாள்.

"யாரு சொன்னா உனக்கு வரலைன்னு? உனக்குக் கணக்கு வந்துச்சு பேச்சி. அரையாண்டுல முப்பத்தொம்பது வாங்குனியே!"

"அது நீங்க பாவம் பாத்துப் போட்ட மார்க்கு டீச்சர்." அவள் அதை நன்றியோடு சொன்னாள். "அப்பா டி.சி. வாங்க வந்தப்ப ஹெச்.எம். சார் என்னையும் கூப்பிட்டு வச்சுத்தான் சொன்னாரு. டீச்சர் உன்மேல உள்ள பிரியத்துல போட்டுவிட்ருக்காங்க, அத நம்பிப் பரீட்சைக்குப் போயி அசிங்கப்படாதன்னு. நான் உங்களத் தப்பாவே நெனைக்கல டீச்சர். நீங்க எனக்கு நல்லதுதான் நெனச்சீங்க."

டிரைவர் ஏறிவிட்டார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். அந்தத் தாளில் ஒரு மதிப்பெண்கூட நான் கூடுதலாகப் போடவில்லை என்றேன், குறைத்துத்தான் போட்டேன் என்றேன். அவர் சொன்னது அத்தனையும் பொய் என்றேன். "மழை பேஞ்ச அன்னைக்கி, புள்ளி வட்டத்துக்கு உள்ள இருந்தா என்னன்னு கேட்டியே, ஞாபகம் இல்லையா? போட முடியாதுன்னு நீயே சொன்னியே? அத வேற எந்தப் பிள்ளையும் எங்கிட்டக் கேட்டதில்லடி!"

"நானா டீச்சர்?" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள். "உனக்குக் கணக்கு வந்துச்சு, உம் மகளுக்கும் வரும். தெரியுதா? புரிஞ்சுச்சா?" என்று, கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் என் கையைத் தொட்டு, வயதானவர்களைச் சமாதானம் செய்கிற மாதிரித் தலையை ஆட்டினாள்.

"சரி டீச்சர்," என்றாள்.